படமும் மெய்யும்

இராஜபாளையத்திலிருந்து புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்குச் செல்லும் காலைப் பேருந்துகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. மடியில் ஒரு பெரிய காகித உறை. மடிப்பு விழாதபடி அதன்மேல் இரு கைகள். உள்ளே இருப்பவை ஸ்கேன் படங்கள். துணிப்பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடும் நம் மக்கள், அந்த உறையை மட்டும் மதுரை வரும்வரை மடியைவிட்டு இறக்குவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய ஒரு பயணத்தில், ஒரு தாய் என் அருகில் அமர்ந்திருந்தார். மகனுக்குத் தலையில் கட்டி. மகன் முன்னிருக்கையில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அந்தத் தாய் உறையைத் திறந்து, ஒரு படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். சாம்பல் நிற மூளையின் நடுவே வெள்ளையாக ஒரு வட்டம். "இம்புட்டுத் தெளிவாத் தெரியுதே ஐயா, பொறவு எடுக்குறதுக்கு ஏன் இம்புட்டு யோசிக்காக?" என்று கேட்டார்.

என்னிடம் அன்று விடை இல்லை. மருத்துவர்கள் யோசிப்பது நல்லதற்குத்தான் என்று ஏதோ சொல்லி வைத்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. படத்தில் தெரிவதற்கும் கைக்கு எட்டுவதற்கும் இடையே அப்படி என்னதான் தொலைவு? அத்தொலைவைக் கடக்க மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்த பயணத்தை, அதில் நம் தமிழ் மண்ணுக்கு உள்ள பங்கோடு சேர்த்து, இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

காணாமலே அறுத்த காலம்

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உடலைத் திறவாமலே உள்ளே காணும் வழி மனிதனுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. எலும்பு தெரிந்தது, உள்ளே சிக்கிய குண்டு தெரிந்தது. ஆனால் மூளை தெரியவில்லை. மண்டையோடு என்னும் கெட்டியான பேழைக்குள் இருக்கும் அந்த மென்மையான உறுப்பு, எக்ஸ் கதிருக்கு ஏறத்தாழ ஒரே சீரான நிழலாகவே நின்றது. அதனுள் வளரும் கட்டியும் அந்நிழலோடு நிழலாய் மறைந்திருந்தது.

ஆகவே அந்நாளைய மருத்துவர்கள் நோயாளியின் உடலையே நூலாக வாசித்தார்கள். வலக்கை தளர்ந்தால் மூளையின் இடப்பக்கம். நடை தள்ளாடினால் சிறுமூளை. பார்வையின் ஒரு பாதி இருண்டால் இன்ன நரம்புப்பாதை என்று கணித்து, அக்கணிப்பின் மேல் நம்பிக்கை வைத்து மண்டையோட்டைத் திறந்தார்கள். கணிப்புத் தவறிய வேளைகளில் கட்டி ஓரிடத்திலும் திறந்த வாசல் வேறிடத்திலுமாக இருந்தன.

1918ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்டர் டாண்டி ஒரு புது வழியைக் கண்டார். மூளையின் உள்ளறைகளில் நிறைந்திருக்கும் நீரைச் சிறிது வெளியேற்றிவிட்டு, அவ்விடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். காற்று படத்தில் கறுப்பாகத் தெரியும். அறைகள் ஒரு பக்கமாக நெருக்கப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கத்தில் கட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். 1927ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டின் ஈகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி மூளையின் இரத்தக்குழாய்களைப் படமெடுத்தார். நெற்பயிர் சாய்ந்திருப்பதைக் கண்டு வயலுக்குள் மாடு புகுந்ததை அறியும் உழவரைப்போல, குழாய்கள் விலகியிருப்பதைக் கண்டு கட்டியின் இடத்தை மருத்துவர்கள் ஊகித்தார்கள். இரண்டு முறைகளும் நோயாளிக்குத் துன்பம் தந்தவை. இரண்டிலும் கட்டி தன் முகத்தைக் காட்டவில்லை.

அக்காலத்தின் வேதனைக்குச் சான்றாக ஒரு வரலாறு உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய வைல்டர் பென்ஃபீல்ட், 1928ஆம் ஆண்டில் தம் சொந்தத் தமக்கை ரூத்தின் மூளையிலிருந்த கட்டியைத் தாமே அறுத்து அகற்ற நேர்ந்தது. இயன்றதையெல்லாம் அகற்றினார்; முழுவதும் அகற்ற முடியவில்லை. சில ஆண்டுகளில் தமக்கை இறந்துபோனார். எங்கே நோய் முடிகிறது, எங்கே நலமான மூளை தொடங்குகிறது என்னும் எல்லையைக் கண் காட்டித் தரவில்லை. 1934ஆம் ஆண்டில் பென்ஃபீல்ட் நிறுவிய மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்துக்குப் பின்னால் அந்தத் துயரமும் இருந்தது.

வேலூரும் சென்னையும்

அந்த நிறுவனத்துக்கு மாணவராகச் சென்றவர்களுள் ஒருவர் கேரளத்தின் கோட்டயத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஜேக்கப் சாண்டி. பஹ்ரைன் தீவின் மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் அமெரிக்காவிற்கும், அங்கிருந்து மான்ட்ரியலுக்கும் சென்று பென்ஃபீல்டிடம் பயின்றார். 1949ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பி, ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை நரம்பு அறுவைக்கெனத் தனித்துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய துறை அதுவே முதலாவது.

மறு ஆண்டு, 1950இல், சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பா. இராமமூர்த்தி, சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதே பணியைத் தொடங்கினார். ஒன்று மிஷன் மருத்துவமனை. மற்றொன்று ஏழை எளியோர் கூடும் அரசு மருத்துவமனை. 1951ஆம் ஆண்டில் இவ்விருவரும், எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினார்கள்.

அன்றைக்கு நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று ஐயம் எழுந்தால், ரயிலேறிச் சென்னைக்கோ வேலூருக்கோ போயாக வேண்டும். அவ்வளவு தொலைவு சென்று சேர்ந்தவர்களுக்கும் டாண்டியின் காற்றுப் படமும் மோனிஸின் குழாய்ப் படமுமே வழிகாட்டின. மேலை நாட்டு நூல்களில் இல்லாத மற்றொரு சிக்கலும் நம் நாட்டு மருத்துவர்களுக்கு இருந்தது. இங்கே மூளைக்கட்டி என்று வந்தவர்களுள் கணிசமானோருக்கு உள்ளே இருந்தது காசநோயால் உண்டான கட்டி. புற்றுக்கட்டியும் காசநோய்க்கட்டியும் ஒரே வகையாகத் தலைவலி தந்தன. ஒரே வகையாக வலிப்புத் தந்தன. திறந்து பார்த்து, எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்த பின்னரே எது எதுவென்று உறுதியாயிற்று.

தலையைச் சுற்றி ஒரு சட்டம்

கட்டியின் இடத்தை அளந்து அறியும் முயற்சியும் வேறொரு புறத்தில் நடந்துகொண்டிருந்தது. நிலத்தில் ஓர் இடத்தைக் குறிக்க நில அளவையாளர் நீளமும் அகலமும் காட்டுவதுபோல, மூளைக்குள் ஒரு புள்ளியை நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று எண்களால் குறிக்கலாம் என்று 1908ஆம் ஆண்டில் இலண்டனின் விக்டர் ஹார்ஸ்லியும் இராபர்ட் கிளார்க்கும் காட்டினார்கள். அவர்களுடைய கருவி விலங்குகளுக்கானது. 1947ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் மனிதத் தலைக்கு ஏற்ற சட்டத்தை உருவாக்கினார்கள். 1949இல் சுவீடனின் லார்ஸ் லெக்செல் வளைவு வடிவச் சட்டம் ஒன்றை வெளியிட்டார்.

மண்டையோட்டில் இறுக்கிய அச்சட்டமே அளவுகோல். படத்தில் கண்ட புள்ளியின் மூன்று எண்களைச் சட்டத்தில் பொருத்தினால், நாணயத்தைவிடச் சிறிய ஒரு துளை வழியே மெல்லிய கருவி குறித்த ஆழத்துக்குச் செல்லும். சென்னையில் 1960களில் இராமமூர்த்தியும் அவருடன் பணியாற்றிய வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோரும் இச்சட்டமுறை அறுவையை வளர்த்தெடுத்தார்கள். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படும் கனகா அம்மையார் அந்தப் பட்டறையில் உருவானவர்.

சட்டம் துல்லியமாக இருந்தது. படம்தான் துல்லியமாக இல்லை. அக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் கோட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருப்பதாக ஐயுற்ற ஒரு பெண்ணுக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் அளவுகளைக் கணிப்பொறி கணக்கிட்டு, தலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற படத்தைத் தந்தது. மறைந்திருந்த கட்டி முதன்முறையாக முகம் காட்டியது. 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணிதத்தை முன்னரே வகுத்த ஆலன் கார்மக்கும் பகிர்ந்துகொண்டனர். பின்னர் காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது; மென்மையான திசுக்களை அது மேலும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது.

அந்தத் தாய் சன்னலோரம் பிடித்திருந்த படம் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

வேலூர் கற்பித்த பாடம்

இவ்வளவு தெளிவான படம் கிடைத்த பிறகு ஊகத்துக்கு இடமேது என்று நமக்குத் தோன்றும். இங்கேதான் நம் மண்ணில் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகுக்கே பாடமாயிற்று.

1980களில் சி.டி. ஸ்கேன் நம் நாட்டில் பரவியபோது, வலிப்பு நோயோடு வந்த பலருடைய படங்களில் மூளைக்குள் ஒரு சிறு வெண்புள்ளி தெரிந்தது. இந்நாட்டில் காசநோய் மிகுதி. எனவே அது காசநோய்க்கட்டிதான் என்று பலரும் முடிவு செய்தார்கள். நோயாளிகளுக்குப் பல மாதங்கள் காசநோய் மருந்து தரப்பட்டது. மறுபடி படமெடுத்தபோது பலருக்கு அப்புள்ளி மறைந்திருந்தது. மருந்தால் குணமாயிற்று என்று மகிழ்ந்தனர். ஆனால் மருந்து உண்ணாதவர்களுக்கும் அது மறைவதைக் கண்ட மருத்துவர்கள் வியந்தார்கள்.

வேலூரில் எம். ஜே. சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் சட்டமுறையின் துணையோடு அச்சிறு புள்ளிகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். பலவற்றில் கண்டது காசநோய் அன்று. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிவதால் உண்டாகும் அழற்சி. 1989ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இதனை அறிவித்தார்கள். பின்பு, புள்ளியின் அளவு இருபது மில்லிமீட்டருக்குக் குறைவாக இருத்தல், தலைக்குள் அழுத்தம் கூடாதிருத்தல், உறுப்புத் தளர்ச்சி வளர்ந்துகொண்டே போகாதிருத்தல் போன்ற அடையாளங்களைக் கொண்டு, அறுவையின்றியே அந்நோயைப் பிரித்தறியும் நெறியையும் ராஜசேகர் குழுவினர் வகுத்தனர். வேண்டாத அறுவையிலிருந்தும், வேண்டாத நீண்ட மருந்திலிருந்தும் எத்தனையோ பேர் தப்பினார்கள்.

இதில் படம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புள்ளி இருந்தது உண்மை, இடமும் உண்மை. அது இன்னது என்று பெயர் சூட்டியது மனிதனின் அவசரம். படம் 'இங்கே' என்று மட்டுமே சொல்லும். 'இது இன்னது' என்று சொல்ல, படத்தைவிட்டு மெய்யைத் தொட்டாக வேண்டியிருந்தது.

தலைமேல் இறங்கிய படம்

இனி நம் காலத்துக்கு வருவோம். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வந்த பின்னும், அறுவை அரங்கில் ஒரு சங்கடம் நீடித்தது. படம் சுவரில் ஒளிப்பெட்டியின்மேல் தொங்கியது. நோயாளி மேசையில் கிடந்தார். மருத்துவர் சுவரைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, திரும்பி வந்து தலையைப் பார்க்க வேண்டும். சுவருக்கும் மேசைக்கும் இடையில் இருந்த ஐந்தாறு அடித் தொலைவைக் கடப்பதற்கு அவருடைய நினைவு ஒன்றே பாலம்.

1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டேவிட் ராபர்ட்ஸ் குழுவினர், ஸ்கேனில் கண்ட கட்டியின் விளிம்பை அறுவை நுண்ணோக்கிக்குள்ளேயே கோடாகத் தோன்றச் செய்தார்கள். தலையில் சட்டம் இறுக்காமலே இது இயன்றது. 1990களில், கருவியின் முனை மூளையில் எங்கே நிற்கிறது என்பதை அருகிலுள்ள திரையில் காட்டும் வழிகாட்டும் பொறிகள் உலகெங்கும் பரவின. 1994இல் பால் மில்கிராம், ஃபூமியோ கிஷினோ என்னும் இரு ஆய்வாளர்கள், மெய்யான காட்சியும் கணிப்பொறி வரைந்த காட்சியும் ஒருங்கே கலந்து தோன்றும் நிலையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்நிலையைத் தமிழில் 'கலப்பு மெய்ம்மை' என்கிறோம்.

2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஹோலோலென்ஸ் என்னும் தலையில் அணியும் கண்ணாடியை வெளியிட்டபின், உலகின் பல மருத்துவமனைகளில் மூளைக்கட்டி அறுவைக்கு அதனைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மருத்துவர் அதை அணிந்துகொண்டு நோயாளியைப் பார்க்கிறார். மூடிய தலையின் மேலேயே, உள்ளிருக்கும் கட்டி ஒரு நிறத்திலும் இரத்தக்குழாய்கள் மற்றொரு நிறத்திலும் மிதப்பதுபோல் தெரிகின்றன. அவர் பக்கவாட்டில் நகர்ந்தால் அவ்வுருவமும் அதற்கேற்பத் திரும்பித் தோன்றுகிறது. எங்கே தோலைக் கீறுவது, எவ்வழியே போனால் பேச்சுக்குரிய பகுதியைத் தொடாமல் கட்டியை அடையலாம் என்று முன்கூட்டியே திட்டமிடலாம். நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் நோயை விளக்கவும் இது உதவுகிறது. அக்கண்ணாடியின் உற்பத்தியை அந்நிறுவனம் 2024இல் நிறுத்திவிட்டபோதிலும், அது திறந்த வழியில் வேறு கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன.

இது நிகழ, படமும் தலையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மூக்கின் தண்டு, கண்ணின் ஓரம், காதின் முன்மேடு ஆகிய அடையாளங்களைப் படத்திலும் மெய்யிலும் தொட்டுக் காட்டிக் கணிப்பொறிக்குக் கற்பிக்கிறார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில மில்லிமீட்டர் பிசகு வரும். சுவரில் ஆணி அடிக்கையில் அது ஒரு பிழையே அன்று. மூளையிலோ பேச்சுக்கும் ஊமைக்கும் இடையே அவ்வளவுதான் இடைவெளி.

1918இல் டாண்டி காற்றுப் படம் எடுத்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தகைய கண்ணாடியின் வழிகாட்டுதலோடு, முதலில் ஒருவருக்கு முதுகெலும்பில் திருகாணிகள் பொருத்தினர். அடுத்து மற்றொருவருக்கு முதுகெலும்பிலிருந்த புற்றுக்கட்டியை அகற்றினர். முதுகெலும்பு இம்முறைக்கு மிக ஏற்றது. எலும்பு கெட்டியானது, படமெடுத்த வேளையில் இருந்தபடியே அறுவையின்போதும் இருக்கும். மூளை அப்படி இருப்பதில்லை.

நகரும் மூளை

மூளை நீரில் மிதக்கும் உறுப்பு. மண்டையோட்டைத் திறந்ததும் அந்நீர் வடிகிறது. கிணற்றில் நீர் இறங்கினால் மிதக்கும் தேங்காயும் கூடவே இறங்குவதுபோல, மூளையும் சற்றே தாழ்கிறது. கட்டியைச் சிறிது சிறிதாக அகற்றும்போது அவ்விடத்தை நோக்கிச் சுற்றியுள்ள பகுதி சரிகிறது. சில வேளைகளில் இந்த நகர்வு ஒரு சென்டிமீட்டரையும் எட்டுவதுண்டு. ஆனால் கண்ணாடியில் தோன்றும் உருவம் முந்தின நாள் எடுத்த படம், அது நகர்வதில்லை. அறுவை முன்னேற முன்னேற, அழகாக ஒளிரும் அவ்வுருவம் மெய்யைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. அதைக் கண்மூடி நம்புகிற கை, இல்லாத கட்டியைத் தேடி நலமான மூளையை அறுத்துவிடக் கூடும்.

இதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள் அறுவையின் நடுவிலேயே ஒலி அலையாலோ எம்.ஆர்.ஐ.யாலோ புதிதாகப் படமெடுத்து, பழையதைத் திருத்திக்கொள்கிறார்கள். பேச்சுக்கும் இயக்கத்துக்கும் உரிய பகுதிகளின் அருகே அறுக்க நேர்ந்தால், பென்ஃபீல்ட் பழக்கிய பழைய முறைக்கே திரும்புகிறார்கள். நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டபடி அவரோடு பேசுகிறார்கள். எண்ணச் சொல்கிறார்கள், படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். சொல் தடுமாறினால் கை அங்கேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு கருவிகளுக்குப் பின்னும், எல்லையைக் காட்டும் நம்பகமான வழிகாட்டி நோயாளியின் வாய்ச்சொல்லாக இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருக்கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். இறைவனுக்கென்று தொடுத்த மாலையைக் கோதை தான் சூடி, இக்கிணற்று நீரில் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டாள் என்பது தலமரபு. அக்கிணற்றின் ஓரத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் கேள்வி நினைவுக்கு வருகிறது. நீர் அசையாதவரை நிழல் உண்மையாய் இருக்கும். நீர் அசைந்தால், நிமிர்ந்து முகத்தையே பார்க்க வேண்டியதுதான்.

தமிழில் மெய் என்னும் சொல்லுக்கு உண்மை என்றும் பொருள், உடல் என்றும் பொருள். ரான்ட்ஜன் முதல் கலப்பு மெய்ம்மை வரை வந்த கருவிகள் யாவும் நம்மை மெய்யின் அருகில் அழைத்துச் சென்றிருக்கின்றன. அவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. எனினும் வேலூரின் சிறு வெண்புள்ளியும், அறுவை மேசையில் நகரும் மூளையும் ஒன்றையே சொல்கின்றன. படம் எவ்வளவு தெளிவாகிறதோ, அவ்வளவுக்கு அதைப் பார்ப்பவரின் பணிவும் வளர வேண்டும்.

இன்று அந்தத் தாயை மறுபடி சந்தித்தால் இப்படிச் சொல்வேன்: "அம்மா, உங்கள் கையிலிருப்பது உங்கள் மகனின் படம். மருத்துவர்கள் யோசிப்பது உங்கள் மகனைப் பற்றி. அவர்கள் படத்தை மட்டும் பார்த்து உடனே கத்தியை எடுத்திருந்தால்தான் நீங்கள் அஞ்ச வேண்டும்."